சென்டர் ஸ்பீக்கர் காதைக் குத்துகிறதா? சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

வசனம் வரும்போது சத்தத்தைக் குறைக்கத் தோன்றுகிறது; குறைத்தால் பேசுவது புரியவில்லை. ஹோம் தியேட்டரில் டிவிக்கு அருகே நடுவில் வைக்கும் சென்டர் ஸ்பீக்கர் அளவுக்கு மீறி பிரைட்டாக (மேல் ஸ்தாயி தூக்கலாகக் கேட்கும்படி) இருக்கும் வீடுகளில் படம் முடியும்வரை ரிமோட் கையைவிட்டு இறங்காது. ‘ச’, ‘ஸ’, ‘ஷ’ வரும் இடங்களில் ஒரு சீறல் கேட்கும். பெண் குரலும் குழந்தைக் குரலும் மெலிந்து குத்தும். ஒரு மணி நேரத்திலேயே காது களைத்துப்போகும்.

படத்தின் வசனத்தில் பெரும்பகுதி இந்த ஒற்றை ஸ்பீக்கர் வழியாகத்தான் வருகிறது. அதோடு, மனிதக் காது 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரையான பகுதியைத்தான் மிக நுட்பமாகக் கேட்கிறது. பேச்சில் மெய்யெழுத்துகளின் தெளிவும் பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. அங்கே 2 டெசிபெல் கூடினால் எரிச்சல், 2 டெசிபெல் குறைந்தால் வார்த்தை மங்கும். இவ்வளவு குறுகிய இடம் என்பதால்தான் ட்ரெபிளை, அதாவது மேல் ஸ்தாயியை, கடைசியில் தொடுங்கள் என்று சொல்கிறேன். பல அறைகளில் மேல் ஸ்தாயி கூடியிருப்பதே இல்லை. குரலின் கீழ்ப்பகுதி, அதாவது 100 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை, குறைந்துபோயிருக்கும். அடி இல்லாத குரல் தானாகவே கூர்மையாகக் கேட்கும். அந்த நேரத்தில் ட்ரெபிளையும் வெட்டினால் மிஞ்சுவது மெலிந்த, மங்கிய குரல்தான்.

கீழே உள்ள வரிசை செலவில்லாத வேலைகளில் தொடங்கிக் கடினமானவற்றுக்குப் போகிறது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து கேளுங்கள்.

படி 1: கோளாறு எங்கே இருக்கிறது?

இதற்கு நேரம் ஒதுக்குவது வீண்போகாது. முதலில் சோதனைக்கு இரண்டு மூன்று காட்சிகளைத் தேர்ந்தெடுங்கள்: ஓர் ஆண் நிதானமாகப் பேசுவது, ஒரு பெண் பேசுவது, அப்புறம் ஒரு செய்தி வாசிப்பு. செய்தி வாசிப்பைச் சேர்ப்பதற்குக் காரணம், சினிமாக் குரலில் ஒலிப்பதிவாளரின் கைவேலை நிறைய இருக்கும், செய்தியில் அது குறைவு. எப்போதும் ஒரே சத்த அளவில் கேளுங்கள்.

இப்போது ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரின் ஸ்பீக்கர் செட்டப்பில் சென்டரை ‘இல்லை’ என்று வையுங்கள். வசனம் இடது, வலது ஸ்பீக்கர்களுக்குப் பிரிந்துபோய், நடுவில் இருந்து வருவதுபோலவே கேட்கும். அப்போதும் குத்துகிறது என்றால் சென்டரைக் குறை சொல்ல முடியாது. ஒலிப்பதிவோ, அறையோ, ரிசீவரின் பொதுவான அமைப்போ காரணம்.

சென்டர் போனதும் இதமாகிவிட்டதா? அப்படியானால் அதைத் திரும்பச் சேர்த்துவிட்டு, அறைத் திருத்தத்தை, அதாவது மைக்கால் அளந்து ஒலியை அறைக்கேற்ப மாற்றும் வசதியை, மட்டும் அணைத்துக் கேளுங்கள். ஆடிஸி, டிராக், ஒய்பிஏஓ என்று உங்கள் ரிசீவரில் எது இருக்கிறதோ அது. அணைத்ததும் சரியானால் நேராகப் படி 5க்குப் போங்கள்.

அணைத்தும் மாற்றமில்லை என்றால், ரிசீவரை ஆஃப் செய்து, பின்னால் சென்டர் முனையில் இருக்கும் வயரைக் கழற்றி, அங்கே இடது ஸ்பீக்கரின் வயரைப் பொருத்துங்கள். வசனம் இடது ஸ்பீக்கரில் வரும். அதிலும் குத்தினால் ரிசீவர் அமைப்பில் ஏதோ இருக்கிறது. நன்றாக இருந்தால் வயரைப் பழையபடி மாற்றிவிட்டு, சென்டர் ஸ்பீக்கரை அதன் இடத்திலிருந்து வெளியே எடுத்து, திறந்த இடத்தில் ஒரு ஸ்டூலின் மேல் காது உயரத்துக்கு வைத்துக் கேளுங்கள். அங்கே குரல் மாறினால் வைத்த இடம்தான் காரணம். மாறாவிட்டால் ஸ்பீக்கரின் இயல்பே அதுதான்.

ரிசீவர் தானே எழுப்பும் ‘ஷ்ஷ்’ என்ற சோதனை ஒலியை வைத்துக் குரல்தன்மையை ஒப்பிட வேண்டாம். அது பெரும்பாலும் சத்த அளவைச் சமப்படுத்துவதற்காகக் குறுக்கப்பட்ட ஒலி. முழு அலைவரிசை பிங்க் நாய்ஸ் (எல்லா ஸ்தாயிகளும் கலந்த சீரான இரைச்சல்) கோப்பை ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஓடவிட்டால் வித்தியாசம் உடனே புரியும்.

படி 2: தேவையில்லாத உதவிகளை அணையுங்கள்

‘டயலாக் என்ஹான்சர்’, ‘கிளியர் வாய்ஸ்’ போன்ற வசதிகள் பெரும்பாலும் குரலின் தெளிவுப் பகுதியைத் தூக்கிக் கொடுப்பவை. ஏற்கெனவே பிரைட்டான ஸ்பீக்கருக்கு இவை வேண்டாம். டிவியிலும், செட்-டாப் பாக்ஸிலும், ரிசீவரிலும் தனித்தனியாக இருக்கும், மூன்றையும் பாருங்கள். இரவு நேர மோட் சின்ன ஒலிகளையும் சீறலையும் முன்னால் இழுத்துவரும், அதையும் அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

அப்புறம் சென்டரின் லெவல். வசனம் புரியவில்லை என்று யாராவது எப்போதோ 3, 4 டெசிபெல் கூட்டி வைத்திருக்கலாம். சத்த அளவைக் காட்டும் எஸ்பிஎல் மீட்டர் இருந்தால் உட்காரும் இடத்தில் மூன்று முன் ஸ்பீக்கர்களையும் சோதனை ஒலியில் சமமாக்குங்கள். பல ரிசீவர்கள் 75 டெசிபெலை இலக்காக வைக்கின்றன. அதன்பின் 1 டெசிபெல் குறைத்தும் கேட்டுப் பாருங்கள்.

சத்தம் கூட்டும்போது மட்டும் குத்துகிறதா, குறைந்த சத்தத்திலுமா என்பதையும் கவனியுங்கள். கூட்டும்போது மட்டும் என்றால் ரிசீவரின் ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) திணறி அலையின் உச்சியை வெட்டுவதாக இருக்கலாம். 10 டெசிபெல் கூடுதல் சத்தத்துக்கு 10 மடங்கு பவர் வேண்டும். சிறிய ரிசீவர், 4 ஓம் ஸ்பீக்கர், பெரிய அறை மூன்றும் சேர்ந்தால் திணறல் சீக்கிரமே வரும். ஸ்தாயிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் எந்த ஈக்வலைசரும் அதைத் தீர்க்காது.

படி 3: வைத்திருக்கும் இடம்

பெரும்பாலான வீடுகளில் தீர்வு இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். சென்டர் ஸ்பீக்கருக்குத்தான் எப்போதும் மிஞ்சிய இடம் கிடைக்கிறது: டிவிக்குக் கீழே ஓர் அலமாரித் தட்டு, பின்னால் தள்ளி, சுற்றிலும் பலகை.

ஸ்பீக்கரை முன்னால் இழுங்கள். அதன் முகம் தட்டின் விளிம்பைத் தாண்டி ஒரு விரலளவு வெளியே நிற்கட்டும். பின்னால் தள்ளி இருந்தால் மேல் ஸ்தாயிக்கான ட்வீட்டரின் ஒலி கீழ்ப்பலகையிலும் மேல்பலகையிலும் பட்டுத் திரும்பி, நேராக வரும் ஒலியோடு மோதும். சில அதிர்வெண்கள் பள்ளமாகும், சில மேடாகும். அந்த மேடுதான் கத்துவதுபோலக் கேட்கிறது. அலமாரிக்குள் மிஞ்சியிருக்கும் காலியிடத்தில் கெட்டியான ஃபோமோ மடித்த கம்பளியோ வையுங்கள். ஸ்பீக்கருக்குப் பின்னால் காற்றுத்துளை இருந்தால் அதை மறைக்க வேண்டாம்.

அடுத்து, சோபாவுக்கு முன்னால் இருக்கும் மேசை. இதைப் பலரும் யோசிப்பதே இல்லை. கண்ணாடி மேசையில் பட்டு வரும் ஒலி நேர் ஒலியைவிட 10 சென்டிமீட்டர் அதிக தூரம் கடந்து வருவதாக வைத்துக்கொள்வோம். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். கணக்குப் போட்டால் சுமார் 1.7 கிலோஹெர்ட்ஸில் பள்ளமும், சுமார் 3.4 கிலோஹெர்ட்ஸில் மேடும் விழும். அந்த மேடு காது மிக நுட்பமாகக் கேட்கும் பகுதியில் உட்கார்ந்திருக்கிறது. சோதிப்பது சுலபம்: ஒரு தடித்த போர்வையை மேசை முழுக்க விரித்துவிட்டு அதே காட்சியைக் கேளுங்கள். வித்தியாசம் தெரிந்தால் படம் பார்க்கும்போது மேசையை ஓரமாகத் தள்ளிவிடுங்கள்.

மூன்றாவது, ஸ்பீக்கர் பார்க்கும் திசை. ட்வீட்டரின் மேல் ஸ்தாயி நேர் எதிரில் இருப்பவருக்கு அதிகமாகவும், விலகி இருப்பவருக்குக் குறைவாகவும் போகும். கீழே வைத்த சென்டரைக் காதை நோக்கிச் சாய்க்கச் சொல்வது வழக்கம். பிரைட்டான ஸ்பீக்கரில் அதைக் கொஞ்சம் தளர்த்தி, நெஞ்சை நோக்கியோ தலைக்குச் சற்று மேலேயோ சாய்த்துப் பார்க்கலாம். ஆனால் 1 அங்குல டோம் ட்வீட்டரில் இந்த மாற்றம் பெரும்பாலும் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேதான் தெரியும். ‘ஸ’வின் சீறலுக்கு உதவும், 3 கிலோஹெர்ட்ஸில் இருக்கும் முரட்டுத்தனத்துக்கு அவ்வளவாக உதவாது. ஹார்ன் வகை ட்வீட்டரில் அதன் பரப்பைவிட்டு விலகியதும் மாற்றம் இன்னும் அதிகமாகத் தெரியும்.

இடது வலமாகத் திருப்புவதில் கவனம் தேவை. கீழ், நடு ஸ்தாயிகளுக்கான இரண்டு வூஃபருக்கு நடுவே ஒரு ட்வீட்டர் படுத்தவாக்கில் இருக்கும் வழக்கமான சென்டர்களில், பக்கவாட்டில் விலகினால் இரண்டு வூஃபர்களின் ஒலியும் ஒன்றையொன்று அழித்துக் குரலின் நடுப்பகுதியில் பள்ளம் விழும். நடுப்பகுதி போனால் மீதி இருக்கும் மேல்பகுதி இன்னும் எடுப்பாகக் கேட்கும். ஓரத்து இருக்கையில் மட்டும் குரல் மெலிந்து குத்துகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். இந்த வகையில் மேலும் கீழும் சாய்ப்பது பத்திரம், பக்கவாட்டில் திருப்புவது அல்ல.

துணி வலையைக் கழற்றி வைத்திருந்தால் மாட்டிக் கேளுங்கள். சில மாடல்களில் அதுவே மேல் ஸ்தாயியைக் கொஞ்சம் தணித்துவிடும்.

படி 4: குரலுக்கு அடியைத் திருப்பிக் கொடுங்கள்

ரிசீவரில் சென்டரின் கிராஸ்ஓவர் (இதற்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போகும்) எவ்வளவு என்று பாருங்கள். தானியங்கி அமைப்பு சில சமயம் 120, 150 ஹெர்ட்ஸ் என்று வைத்துவிடும். ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண் ஏறக்குறைய 85 முதல் 180 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. கிராஸ்ஓவர் அங்கேயே விழுந்தால் குரலின் பாதி நெஞ்சு சப்வூஃபருக்குப் போய்விடுகிறது. சப்வூஃபர் அறையின் மூலையில் இருந்தால் குரல் இரண்டாகப் பிரிந்து, நடுவில் இருப்பது மெலிந்து கேட்கும். 5 அங்குலத்துக்கு மேற்பட்ட வூஃபர்கள் உள்ள சென்டரில் 80 ஹெர்ட்ஸ் வைத்துப் பாருங்கள். ஸ்பீக்கர் திணறினால் 100.

பிளஸ், மைனஸ் வயர்கள் மாறியிருக்கிறதா என்பதையும் இதோடு பார்த்துவிடுங்கள். சென்டர் மட்டும் தலைகீழாக இணைக்கப்பட்டிருந்தால், அதுவும் சப்வூஃபரும் சேரும் இடத்தில் ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளலாம். சரிபார்க்க, பிங்க் நாய்ஸை சென்டரிலும் இடது ஸ்பீக்கரிலும் ஒரே நேரத்தில் ஓடவிடுங்கள். ஒலி இரண்டுக்கும் நடுவே ஓரிடத்தில் நிற்க வேண்டும். தலைக்குள் சிதறுவதுபோல இருந்தால் வயர் மாறியிருக்கிறது.

குறைந்த சத்தத்தில் பார்ப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. சத்தம் குறையக் குறையக் காது கீழ் ஸ்தாயியைத்தான் முதலில் இழக்கிறது. ஆடிஸியின் டைனமிக் ஈக்யூ போன்றவை அதை ஈடுகட்டுகின்றன. இரவில் மட்டும் பிரைட்டாகத் தோன்றினால் அதை ஆன் செய்து பாருங்கள்.

படி 5: தானியங்கி அறைத் திருத்தத்தை ஒழுங்காகச் செய்யுங்கள்

அளவீடு எடுத்த பிறகு குரல் கூர்மையானதென்றால், முதல் சந்தேகம் மைக் மேல். சோபாவின் தலைசாய்ப்பில் மைக்கை வைத்து எடுக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அங்கே மேல் ஸ்தாயி மறைக்கப்படும், பிரதிபலிப்பும் கலக்கும். ரிசீவர் அதைக் குறை என்று எடுத்துக்கொண்டு ட்ரெபிளைக் கூட்டிவிடும். மைக்கை ட்ரைபாடில், காது உயரத்தில், கையேடு சொல்லும் திசையில் நிறுத்துங்கள். பெரும்பாலும் கூரையை நோக்கி இருக்க வேண்டும். சோபாவின் முதுகு உயரமாக இருந்தால் மைக்கைச் சற்று முன்னால் கொண்டுவாருங்கள். ஒரு ரிசீவரோடு வந்த மைக்கை வேறொன்றில் பயன்படுத்த வேண்டாம்.

அடுத்த சந்தேகம் இலக்குக் கோடு, அதாவது எந்த ஸ்தாயி எவ்வளவு சத்தமாக வர வேண்டும் என்று திருத்தம் குறிவைக்கும் கோடு. திறந்த வெளியில் நேர்கோடாக அளக்கப்படும் நல்ல ஸ்பீக்கரை ஓர் அறையில் வைத்து அளந்தால் கோடு மேல் ஸ்தாயியை நோக்கி மெல்லச் சரியும். அதுதான் இயல்பு. 1974இல் டென்மார்க்கின் ப்ரூல் அண்ட் கேயர் நிறுவனத்திலிருந்து வந்த ஆய்வும் அறையில் அப்படிச் சரியும் கோட்டையே பரிந்துரைத்தது. உட்காரும் இடத்தில் அளவீட்டை மட்டமாக்கினால் ஸ்பீக்கர் கட்டாயமாக பிரைட்டாகிவிடும். ரிசீவரில் ‘ஃபிளாட்’ என்ற தேர்வு கேட்பதற்குச் சரியானதுபோலத் தோன்றும். வரவேற்பறைக்கு அது பெரும்பாலும் பொருந்தாது.

டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்களில் ஆடிஸியை ‘ரெஃபரன்ஸ்’ என்று வையுங்கள். அதில் மேல் ஸ்தாயி லேசாகச் சரியும். ‘எல்/ஆர் பைபாஸ்’ வைத்திருந்தால் இடதும் வலதும் திருத்தமில்லாமல், சென்டர் மட்டும் திருத்தத்தோடு ஓடும். மூன்றும் ஒரே குரலில் பேசாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். யமஹாவில் ‘ஃபிளாட்’டுக்குப் பதில் ‘நேச்சுரல்’. மேல் ஸ்தாயி அதிகமாகத் தோன்றினால் இதைத் தேர்ந்தெடுங்கள் என்று அவர்கள் கையேடே சொல்கிறது. டிராக் லைவில் இலக்குக் கோட்டை நீங்களே இழுக்கலாம். 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இன்னும் 1 அல்லது 2 டெசிபெல் சரியவிடுங்கள்.

எனக்குப் பிடித்த வழி, திருத்தத்தை 300 முதல் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் வைத்துக்கொள்வது. ஆடிஸியின் கட்டண எடிட்டர் ஆப்பிலும் டிராக்கிலும் இந்த எல்லையை வைக்க முடியும். பாஸ் பகுதியில் அறைதான் ஆட்சி செய்கிறது. அங்கே திருத்தம் உண்மையிலேயே உதவும். அதற்கு மேலே ஸ்பீக்கரை அதன் இயல்பில் விட்டால் குரல் பெரும்பாலும் உயிரோடு இருக்கும்.

பழைய சினிமா ஒலிப்பதிவுகளில் மட்டும் பிரைட்டாக இருக்கிறதா? திரையரங்குகளுக்கான எக்ஸ்-கர்வ் என்ற தரம் 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒரு ஆக்டேவுக்கு (அதிர்வெண் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறைக்கும்) 3 டெசிபெல் வீதம் சரியும். அந்தச் சரிவை நம்பிக் கலக்கப்பட்ட ஒலியை வீட்டில் அப்படியே போட்டால் மேல் ஸ்தாயி மிஞ்சும். இதற்காகத்தான் டிஎச்எக்ஸ் ‘ரீ-ஈக்யூ’வும், டெனானின் ‘சினிமா ஈக்யூ’வும் வந்தன. வீட்டுக்கெனத் தனியாகக் கலக்கப்பட்ட படங்களில் அவற்றை அணைத்துவிடுங்கள்.

படி 6: இப்போது ஈக்வலைசர்

இங்கே வருவதற்குள் பாதிப் பேருக்குப் பிரச்சினை தீர்ந்திருக்கும். தீராதவர்கள் அளந்துவிட்டு வெட்டுவது நல்லது. ‘ரூம் ஈக்யூ விசார்ட்’ இலவச மென்பொருள். யூமிக்-1 போன்ற யூஎஸ்பி மைக் அதற்குரிய அளவுத்திருத்தக் கோப்போடு வருகிறது. சென்டரையும் இடது ஸ்பீக்கரையும் தனித்தனியாக அளந்து, 1/6 ஆக்டேவ் மென்மையாக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். 200 ஹெர்ட்ஸ் முதல் 10 கிலோஹெர்ட்ஸ் வரை சென்டர் எங்கே விலகிப் போகிறது என்பதுதான் கேள்வி. குறுகிய பற்கள் போன்ற ஏற்ற இறக்கங்களைத் துரத்த வேண்டாம். தலையை ஒரு சாண் நகர்த்தினால் அவை மாறிவிடும்.

அளக்க வசதியில்லாதவர்கள் காதை நம்பி இப்படித் தொடங்கலாம். குரல் கத்துவதுபோல, தகரம்போல இருந்தால் 3 கிலோஹெர்ட்ஸில் அகலமாக, க்யூ (வெட்டின் அகலம்; எண் கூடினால் குறுகும்) 1 வைத்து, 1.5 டெசிபெல் குறையுங்கள். ‘ஸ’, ‘ஷ’ சீறினால் 6 முதல் 8 கிலோஹெர்ட்ஸுக்குள், க்யூ 2, 2 டெசிபெல். எல்லாமே பளபளவென்று இருந்தால் 3 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி அதற்கு மேலுள்ள எல்லாவற்றையும் சேர்த்து மாற்றும் ஹை-ஷெல்ஃபை 1.5 டெசிபெல் இறக்குங்கள். 3 டெசிபெலுக்கு மேல் வெட்ட வேண்டியிருந்தால் முந்தைய படிகளில் ஏதோ விடுபட்டிருக்கிறது. திரும்பிப் போய்ப் பாருங்கள்.

டெனான், மராண்ட்ஸில் 63 ஹெர்ட்ஸ் முதல் 16 கிலோஹெர்ட்ஸ் வரை 9 பட்டைகள் கொண்ட கிராஃபிக் ஈக்வலைசர் உண்டு, ஆனால் ஆடிஸியை அணைத்தால்தான் வேலை செய்யும். யமஹாவின் பல மாடல்களில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அதிர்வெண்ணையும் அகலத்தையும் நாமே தேர்ந்தெடுக்கும் 7 பட்டை பாராமெட்ரிக் ஈக்வலைசர் இருக்கிறது. ஒய்பிஏஓவின் முடிவை அதில் நகலெடுத்து மேலே திருத்தலாம். சென்டருக்கு அதுதான் வசதி.

மாற்றியதும் தீர்ப்பு சொல்லிவிட வேண்டாம். பிரைட்டான ஒலிக்குப் பழகிய காதுக்குச் சரியான குரல் முதலில் மங்கலாகத்தான் தோன்றும். ஒரு முழுப் படம் பாருங்கள்.

படி 7: அறை

கைதட்டிப் பாருங்கள். ‘டிரிங்’ என்று ஒரு நடுக்கம் தொடர்ந்தால் எதிரெதிர் வெற்றுச் சுவர்கள் ஒலியைத் தூக்கிப்போட்டு விளையாடுகின்றன. ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவே தரையில் தடித்த கம்பளம், ஜன்னலில் கனமான மடிப்புத் திரை, பக்கச் சுவரில் புத்தக அலமாரி என்று தொடங்கலாம். பேனல் வைப்பதாக இருந்தால் 5 சென்டிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடி இழையோ ராக்வூலோ கொண்டவை, சுவரிலிருந்து சற்று இடைவெளி விட்டு. மெல்லிய ஃபோம் ஓடுகளைச் சுவரெல்லாம் ஒட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை மேல் ஸ்தாயியை மட்டும் குடித்துவிட்டு, நடுப்பகுதி எதிரொலியை அப்படியே விட்டுவிடும்.

படி 8: ஸ்பீக்கரின் உள்ளே கை வைப்பது

முதலில் பின்பக்கம் ட்வீட்டர் அளவைக் குறைக்கும் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். சில மாடல்களில் இருக்கும். இரண்டு ஜோடி முனைகள் உள்ள ஸ்பீக்கர் என்றால் திறக்காமலேயே ஒரு வழி உண்டு. பிளஸ் முனைகளை இணைக்கும் தகட்டை எடுத்துவிட்டு, அங்கே 1 ஓம், 10 வாட் மின்தடையைப் பொருத்துங்கள். ஆம்ப் வயர் வூஃபர் முனையில் இருக்கட்டும், மின்தடை வழியாக ட்வீட்டர் முனைக்குப் போகட்டும். 8 ஓம் ட்வீட்டரில் சுமார் 1 டெசிபெல், 4 ஓம் ட்வீட்டரில் சுமார் 2 டெசிபெல் குறையும். பிடிக்கவில்லை என்றால் தகட்டைத் திரும்பப் போட்டால் முடிந்தது. செய்யும்போது ரிசீவர் ஆஃப் ஆகியிருக்க வேண்டும்.

ஒரே ஜோடி முனை என்றால் ட்வீட்டருக்கு முன் எல்-பேட் (இரண்டு மின்தடைகள் கொண்ட சிறு சுற்று) போட வேண்டியிருக்கும். 8 ஓம் ட்வீட்டரை 2 டெசிபெல் குறைக்கத் தொடரில் சுமார் 1.6 ஓம், இணையாகச் சுமார் 31 ஓம். இதில் ட்வீட்டர் பக்கத்தின் மொத்த மின்தடை அளவு மாறாமல் இருப்பதால், ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரிக்கும் உள் கிராஸ்ஓவர் குழம்பாது. உத்தரவாதம் போய்விடும், சால்டரிங் பழக்கம் வேண்டும்.

ட்வீட்டரின் மேல் டிஷ்யூ பேப்பர் ஒட்டுவது பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1978இல் வந்த யமஹா என்எஸ்-10 ஸ்பீக்கரின் கூர்மையைத் தணிக்க ரெக்கார்டிங் ஸ்டுடியோக்களில் அப்படிச் செய்தார்கள். பிறகு 1987இல் யமஹா நிறுவனம் ஸ்டுடியோக்களுக்கென ட்வீட்டரையே மாற்றியமைத்த புதிய மாடலைக் கொண்டுவந்தது. காகிதம் ஒலியைக் குறைப்பதோடு கொஞ்சத்தைத் திருப்பி அடித்துச் சீரற்ற மேடுபள்ளங்களையும் உண்டாக்கும். சோதனைக்குச் சரி, நிரந்தரத்துக்கு வேண்டாம்.

எதுவும் பலிக்காவிட்டால்

சென்டரும் முன் ஸ்பீக்கர்களும் வேறு வேறு குடும்பமாக இருந்தால் ஈக்வலைசரால் ஓரளவுதான் ஒட்டவைக்க முடியும். மாற்றுவதென்று முடிவெடுத்தால் முன் ஸ்பீக்கர்களின் அதே வரிசையில், அதே ட்வீட்டர் உள்ளதாகத் தேடுங்கள். இடம் இருந்தால் வூஃபர்களுக்கு நடுவே நடு ஸ்தாயிக்கான மிட்ரேஞ்சும் ட்வீட்டரும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த மூன்று-வழி சென்டர் நல்லது. ஓரத்து இருக்கைக்கும் குரல் மாறாமல் போகும்.

வீட்டில் ஒருவரோ இருவரோ மட்டும் நடுவில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் என்றால், படி 1இல் செய்ததுபோல சென்டரே இல்லாமல் ஓட்டுவதையும் யோசிக்கலாம். இடதும் வலதும் நல்ல ஸ்பீக்கர்களாக இருந்து, நடு இருக்கையில் நீங்கள் இருந்தால், மோசமான சென்டரைவிட அது மேல். ஓரத்தில் உட்காருபவருக்கு மட்டும் வசனம் பக்கத்து ஸ்பீக்கரிலிருந்து வருவதுபோல இருக்கும்.